அருமைநாயகம் நான் இல்லை

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க சார். இந்தப் பை மடியிலயே இருக்கட்டும், மேல வெச்சா மடங்கிப்போகும். உள்ள ஒரு கடிதம் இருக்கு. பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டுபோறேன். தபால்ல ரெண்டு தடவை அனுப்பிட்டேன், பதில் இல்லை. அதான் நேர்லயே ஜங்ஷனுக்குப் போயி ஆசிரியரைப் பாத்துட்டு வந்துருவோம்னு கிளம்பிட்டேன்.

என்ன கடிதம்னு நீங்க கேக்கலை. கேக்காட்டாலும் சொல்லுதேன். இந்த பஸ்சு ஜங்ஷன் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

நான் எழுத்தாளன். தமிழ்முகில். வீட்டுப் பேரு தளவாய், எழுத்துக்குத் தமிழ்முகில். கேள்விப்பட்டிருக்க மாட்டிய. பரவாயில்லை. அருமைநாயகத்தைத் தெரியுமா? தெரியும்லா. காலேஜ்ல பாடமா வந்தானா? பாத்தியளா, இதான் சார் என் பிரச்சினையே. அவனைத் தெரியுது, என்னைத் தெரியலை. அவனைப் பெத்ததே நான்தான்.

மூணு நாவல்ல அவன் வாரான். அவனும் எழுத்தாளன்தான். தாலுகா ஆபீசுல வேலை பாத்துக்கிட்டே எழுதுவான். குளத்தைத் தூர்த்து மண்டபம் கட்டணும்னு ஒரு பெரிய மனுஷன் வருவாரு. குளத்தோட பரப்பைப் பாதியாக் குறைச்சு ஒரு ஸ்கெட்ச் போடச் சொல்லுவாங்க. அருமைநாயகம் மாட்டேம்பான். 'தண்ணி நின்ன இடத்துல என் பேனா பொய்யா நிக்காது'ம்பான். அந்த வரியைப் பரீட்சையில கேட்டிருக்காங்க, அஞ்சு மார்க். பதினோரு ஊருக்கு அவனை மாத்துவாங்க. போவான். கடைசியில அதே பெரிய மனுஷன் அவனுக்கு ஒரு விருது குடுக்க வருவாரு. அருமைநாயகம் மேடையேறி, மைக்கைப் பிடிச்சு, 'வேண்டாம்'னு ஒரே ஒரு சொல்லைச் சொல்லிட்டு இறங்கி நடந்து போயிருவான். அந்த இடத்துல அழாத வாசகன் கிடையாது. புரூஃப் பாக்கையில நானே அழுதிருக்கேன்.

'இதெல்லாம் உங்க வாழ்க்கையா ஐயா'ன்னு கேப்பாங்க. நான் சிரிப்பேன். சிரிச்சா பொய் சொன்னதாகாதுல்லா? ஒரே ஒரு பேட்டியில மட்டும் வாய் தவறிட்டு. 'அருமைநாயகம் நான்தான்'னு சொல்லிட்டேன். அதையே தலைப்பாப் போட்டுட்டாங்க. போட்டோ நல்லா விழுந்திருந்தது.

நடந்தது என்னன்னா, நானும் தாலுகா ஆபீசுலதான் கிளார்க்கா இருந்தேன். அங்க எபனேசர்னு ஒரு சர்வேயர். ஒடிசலா, உயரமா, சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பென்சில். கொக்குமேட்டுக்குளத்தை அளந்தவரு அவருதான். இருபத்திரண்டு ஏக்கர். அதைப் பதினொண்ணுன்னு போடச் சொன்னாங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'குளம் இருபத்திரண்டு ஏக்கர் சார்.' அவ்வளவுதான். வசனமே கிடையாது. சுத்த வறட்டு மனுஷன். மறு வாரமே மலை மேல ஒரு ஊருக்கு மாத்திட்டாங்க. அங்க இருந்து இன்னொரு ஊரு. அப்படிப் பதினோரு ஊரு. அவரு சம்சாரம் சாமான் கட்டிக் கட்டியே ஓய்ஞ்சு, ஒன்பதாவது ஊருல கண்ணை மூடிட்டாங்க. அதை நான் நாவல்ல சேக்கலை. சோகம் ஜாஸ்தியாயிருமேன்னு விட்டுட்டேன்.

எபனேசர் போனப்புறம் புது சர்வேயர் வந்தாரு, பதினொண்ணுன்னு போட்டாரு. ஃபைல் என் மேஜைக்கு வந்தது. 'சரிபார்க்கப்பட்டது'ன்னு எழுதி ஒரு இனிஷியல் போட்டேன். சின்ன இனிஷியல்தான் சார், வெறும் 'த'. அதைப் பெரிசு பண்ணக்கூடாது. யாராவது ஒருத்தர் போட்டுத்தானே ஆகணும்? ஆனா பழைய ஸ்கெட்சைக் கிழிச்சுப் போடுன்னாங்க பாருங்க, நான் கிழிக்கலை. மடிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியில வெச்சேன். அதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்? யாருக்காகவும் வெக்கலை, இலக்கியத்துக்காக வெச்சேன். அதைப் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கிட்டுத்தான் முதல் நாவலையே எழுதினேன். தண்ணி வழியுற கலுங்கு எங்க, திறந்துவிடுற மடை எங்க, எந்த மூலையில எந்த நம்பர் எல்லைக்கல்லு, அம்புட்டும் துல்லியமா வரும்.

எபனேசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேனான்னு கேக்கிய. எதுக்குச் சொல்லணும்? குளத்தை அளந்தவரு அவரு. அதுக்கு உயிர் குடுத்தவன் நான்.

குளத்துல பாதி மண்டபமாயிட்டு. வெள்ளத்துரை மஹால். பாத்திருப்பிய, முன்னால ரெண்டு யானை நிக்கும், சிமெண்டு யானை. இந்த வண்டி அது வழியாத்தான் போகும்.

போன ஐப்பசியில ரெண்டு காரியம் ஒரே வாரத்துல வந்தது. ஒண்ணு, வெள்ளத்துரை முதலாளி தன்னோட அறக்கட்டளை சார்புல எனக்கு 'எழுதுகோல் ஏந்தல்' விருது குடுக்கப்போறதா ஆள் விட்டாரு. ஆமா, அதே வெள்ளத்துரைதான். அவரு நாவலைப் படிக்கலை. தமிழ்முகில்னு ஒரு ஆளு இந்த ஊருல இருக்கான், அவனுக்கு வயசு அறுபத்தாறு, இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் குடுக்கலை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எனக்கும் அவ்வளவு தெரிஞ்சாப் போதும்னு பட்டது.

மூணாம் நாள் காலையில எபனேசர் வீட்டு வாசல்ல வந்து நிக்காரு. ரிட்டயராகி ஊருக்கே திரும்பி வந்துட்டாராம், இருபது வருஷம் கழிச்சுப் பாக்கேன். தலை பூரா நரைச்சுப்போச்சு. பையில பென்சில் மட்டும் அப்படியே இருக்கு. பேராச்சி காபி கொண்டுவந்து வெச்சா. பேராச்சின்னா என் சம்சாரம்.

"தளவாய் சார், எம் மவ டீச்சரா இருக்கா. உங்க புத்தகத்தை வாசிச்சுட்டு எங்கிட்ட குடுத்தா. நான் கதையெல்லாம் வாசிக்கிறதில்லை. இதை வாசிச்சேன்" அப்படின்னாரு.

டிரங்குப் பெட்டி இருக்கிற பக்கம் ஒரு தடவை பாத்துக்கிட்டேன். இருந்தாலும் எழுத்தாளன் மனசு கேக்குமா? "எப்படி இருந்தது?"ன்னு கேட்டேன்.

"அளவெல்லாம் சரியா இருக்கு சார்."

நாப்பது வருஷம் எழுதியிருக்கேன், இப்படி ஒரு விமரிசனத்தை நான் கேட்டதில்லை. பாத்திரப் படைப்பு எப்படி, நடை எப்படி, ஒரு சொல் கிடையாது. பிறகு மெதுவா விஷயத்துக்கு வந்தாரு. அந்தக் குளத்துல பாசனம் பண்ணினவங்க சேர்ந்து கேஸ் போட்டிருக்காங்க. ஆபீசுல பதினொரு ஏக்கர் ஸ்கெட்சு மட்டும்தான் இருக்கு. பழசு இல்லை.

"கதையில அந்த ஆளு பழைய ஸ்கெட்சை வீட்டுல வெச்சிருக்கான். அது உங்ககிட்ட இருக்கா சார்?"

"ஐயோ எபனேசர், அது கற்பனை."

"கல்லு நம்பர் எல்லாம் சரியா இருக்கே?"

"கற்பனை சில சமயம் சரியா அமைஞ்சிரும்."

அவரு என்னையே கொஞ்ச நேரம் பாத்தாரு. கோபமெல்லாம் இல்லை. தூரத்துல நிக்கிற கல்லு கோணலா இருக்கா நேரா இருக்கான்னு பாப்பாங்கள்லா, அப்படி ஒரு பார்வை. காபியைக் குடிச்சுட்டு, "சரி சார்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

பேராச்சி அடுக்களை நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. "எதுக்குப் பொய் சொன்னிய?"ன்னா.

"பொய் இல்லை பேராச்சி. படைப்பு ரகசியம்."

"அருமைநாயகம் பொய் சொல்ல மாட்டானே."

இவளுக்கு இதே வேலை. அருமைநாயகம் பொண்டாட்டிக்குக் காபி போட்டுக் குடுப்பான், அருமைநாயகம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வெப்பான், அருமைநாயகம் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தா ராப்பகலா உக்காந்து இருப்பான். ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் நல்லவனாப் படைச்சிட்டா வீட்டுல இருக்க முடியலை சார்.

அப்புறம் விழா. எங்க வெச்சாங்கன்னு நினைக்கிய? வெள்ளத்துரை மஹால்லயே. வாசகர் வட்டத்துல இருந்து பதினாறு பேர் வேன் பிடிச்சு வந்திருந்தாங்க. எனக்கு அவ்வளவு சந்தோசம். நம்மள வாழ்த்த வந்திருக்காங்கன்னு பாத்தா, அவங்களுக்குள்ள ஒரு முடிவோட வந்திருக்காங்க. நாவல்ல அருமைநாயகம் செஞ்சதை நான் மேடையில செய்யப்போறேன்னு நினைச்சுட்டாங்க. குளத்து மேல கட்டின மண்டபம், அதே பெரிய மனுஷன், அதே மாதிரி விருது. இதுக்காகத்தான் ஐயா ஒத்துக்கிட்டு இருக்காருன்னு ஒருத்தன் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கான். என்கிட்ட ஒருத்தரும் கேக்கலை. கேட்டிருந்தா விளக்கியிருப்பேன்.

சால்வை போட்டாங்க. வாங்கிக்கிட்டேன். கேடயம் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். பதினாறு பேரும் செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்காங்க. சரி, ஏற்புரையில சொல்லுவாரு போலன்னு காத்திருக்காங்க. நான் பேச ஆரம்பிச்சேன். அம்பது நிமிஷம். இடையில தொண்டையைச் செருமுவேன், உடனே பதினாறு போனும் மேல போகும். தண்ணி குடிப்பேன், மேல போகும். 'ஒரே ஒரு சொல் மட்டும் சொல்லி முடிக்கேன்'னேன். எல்லாரும் முன்னால வந்துட்டாங்க. 'நன்றி'ன்னேன்.

சாப்பிடாமப் போயிட்டாங்க சார். நல்ல சாப்பாடு, அவியல் அவ்வளவு பக்குவமா இருந்தது. ஒரு எழுத்தாளன் தன் கதாபாத்திரம் மாதிரியே நடக்கணும்னா, கொலைகாரனைப் பத்தி எழுதினவன் என்ன செய்வான்? இதை யோசிக்க மாட்டாங்களா?

கைகுலுக்கும்போது முதலாளி என் காதோட சொன்னாரு, "பழைய காயிதம் ஏதும் வீட்டுல கிடந்தா அப்புறப்படுத்திருங்க புலவரே." புலவரேன்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. மறுநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்புறப்படுத்தணும்னு இல்லை சார், சும்மா பத்திரமா இருக்கான்னு பாக்கத்தான். ஸ்கெட்சைக் காணோம்.

"அவரு சாமானை அவருகிட்டயே குடுத்துட்டேன்"னா பேராச்சி. அரிசி களைஞ்சுக்கிட்டே சொல்லுதா.

"எப்ப?"

"நீங்க மேடையில பேசிக்கிட்டு இருந்தியள்லா, அப்ப."

தலைவலின்னு சொல்லி விழாவுக்கு வராம இருந்தவ, எபனேசர் வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் நடந்து போயிருக்கா. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்துல என்னைக் கேக்காம அவ செஞ்ச முதல் காரியம் இதுதான். எனக்குத் தெரிஞ்சு.

தை பிறந்ததும் கோர்ட்டுல இருந்து சம்மன் வந்தது. சாட்சி. ஸ்கெட்சு போலின்னு முதலாளி தரப்புல சொல்லியிருக்காங்க. அது எங்க ஆபீஸ் காயிதமா இல்லையான்னு நான் சொல்லணும். முதலாளியோட வக்கீல் வீட்டுக்கே வந்து எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. 'ஸ்கெட்சை நான் பாத்ததே இல்லை, நாவல் முழுக்கக் கற்பனை. இந்த ரெண்டு மட்டும் சொல்லுங்க, போதும்.' எனக்கும் அதுல நியாயம் தெரிஞ்சது. கற்பனைன்னு சொல்லுறது ஒரு படைப்பாளிக்கு இழுக்கு இல்லையே. ஏட்டைப் பாத்து எழுதினான்னு சொன்னாத்தான் இழுக்கு.

கூண்டுல ஏறினேன். பாசனக்காரங்க பக்கம் ஒரு பொம்பளைப்பிள்ளை வக்கீல். முப்பது வயசு இருக்கும். கையில என் நாவல். இடையிடையே காயிதம் வெச்சு அடையாளம் பண்ணியிருக்கு. எனக்கு அதைப் பாத்ததுமே மனசு இளகிட்டு.

"அருமைநாயகம் யாரு?"ன்னு கேட்டுது.

"கற்பனை."

"பேட்டியில நான்தான்னு சொல்லியிருக்கீங்களே?"

"இலக்கியத்துல நான்ங்கிறது ஒரு நான் இல்லைம்மா. எழுதுற நான் வேற, எழுதப்படுற நான் வேற…"

"சுருக்கமாச் சொல்லுங்க"ன்னாரு நீதிபதி.

"அருமைநாயகம் நான் இல்லை"ன்னேன். பின்னால பெஞ்சுல எபனேசர் உக்காந்திருக்காரு. பக்கத்துல பேராச்சி. ரெண்டு பேரும் என்னைப் பாக்கலை.

அந்த ஸ்கெட்சைக் காட்டுனாங்க. பாத்ததில்லைன்னேன். அந்தப் பிள்ளை அதுக்கு மேல ஒண்ணும் கேக்காம, நாவலை விரிச்சு ஒரு பத்தியைச் சத்தமா வாசிக்க ஆரம்பிச்சுது. அருமைநாயகம் கடைசியாக் குளத்தைச் சுத்தி நடந்து வாற இடம். நான் எழுதினதுலயே அதான் உச்சம். கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருக்கேன். 'வடக்கு மடையைத் தாண்டி, ஈரம் காயாத பன்னிரண்டாம் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தான்'னு வாசிக்குது.

"தப்பு"ன்னேன்.

"எது தப்பு?"

"பன்னிரண்டு இல்லை. பதினேழாம் கல். நல்லாப் பாத்து வாசிங்க."

"கதைதானே சார். பன்னிரண்டா இருந்தா என்ன, பதினேழா இருந்தா என்ன?"

நீங்களே சொல்லுங்க, ஒரு எழுத்தாளன் இதைக் கேட்டுக்கிட்டுச் சும்மா நிப்பானா? ஒவ்வொரு சொல்லுக்கும் ரத்தம் சிந்தியிருக்கேன். "அதெப்படிம்மா? பன்னிரண்டாம் கல்லு தெற்கால இருக்கு. வடக்கு மடைக்கிட்ட இருக்கிறது பதினேழுதான்"னேன்.

"இருக்கிறதுன்னா? எங்க இருக்கு?"

"மஹால் கட்டுறப்ப நானே பாத்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால, பாத்திரம் கழுவுற மேடைக்கு அடியில."

வக்கீலுக்குப் படிச்சிருக்கு, ஒரு பத்தியைப் பிழை இல்லாம வாசிக்கத் தெரியலை. அதுலயும் எழுத்துலயே போட்டிருக்கு, எண்ணுல கூட இல்லை. இந்தக் காலத்துப் படிப்பு அப்படி. நான் திருத்தின பிறகு ஒரு வருத்தமும் இல்லாம, "நன்றி சார், வேற கேள்வி இல்லை"ன்னு உக்காந்துட்டு. முதலாளியோட வக்கீல் தலையில கையை வெச்சுக்கிட்டாரு. நீதிபதி டைப்பிஸ்டுகிட்ட, 'சாட்சி ஒப்புக்கொள்கிறார்'னு சொல்லுதாரு. நான் எதை ஒப்புக்கிட்டேன்? ஒரு வாசிப்புப் பிழையைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

கோர்ட்டு ஆள் போயித் தோண்டிப் பாத்தாங்க. அந்த மேடைக்கு அடியில கல்லு இருந்தது. பதினேழுன்னு வெட்டின எழுத்து அழியாம இருந்தது. ஸ்கெட்சுல உள்ளபடியே அளவும் ஒத்துப்போச்சு. தீர்ப்பு பாசனக்காரங்க பக்கம் ஆயிட்டு. குளத்தைத் திரும்ப அளந்து கல்லு நடணும்னு உத்தரவு. முதலாளி அப்பீல் போறாராம், போகட்டும். விருதைத் திருப்பிக் குடுங்கன்னு ஆள் அனுப்பினாரு. நான் குடுக்கலை. அதுலயாவது அருமைநாயகம் மாதிரி உறுதியா நின்னேன்.

இப்ப கடிதத்துக்கு வாரேன். மறுநாள் பத்திரிகையில செய்தி வந்தது. எபனேசரைப் பத்தி ரெண்டு பத்தி, படம் வேற. என்னைப் பத்தி ஒரே வரி. 'ஓய்வு பெற்ற எழுத்தர் தளவாய் சாட்சியம் அளித்தார்.' எழுத்தர். பாத்தியளா? எழுத்தாளர் இல்லை, எழுத்தர். நடுவுல ஒரு காலும் ஒரே ஒரு 'ள'வும் விட்டுப்போச்சு. அந்த ஒரு எழுத்துக்குத்தான் சார் நாப்பது வருஷம் உழைச்சேன். இந்தக் கடிதத்துல மூணு பக்கம் விளக்கமா எழுதியிருக்கேன். திருத்தம் போட்டே ஆகணும். பேராச்சிகிட்ட காட்டினேன். "எழுத்தரா இருந்து போட்ட கையெழுத்துக்குத்தானே அன்னிக்குக் கோர்ட்டுக்குப் போனிய"ன்னா. அவளுக்கு இலக்கியம் தெரியாது.

இன்னிக்குத்தான் குளத்தை அளக்காங்க. எபனேசரே முந்தாநாள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாரு. "நீங்க வந்தா நல்லா இருக்கும் சார். கல்லைச் சொன்னவரு நீங்கதானே"ன்னாரு. குத்தலாச் சொல்லலை, அவருக்கு அதெல்லாம் வராது. நான் கேட்டேன், "நோட்டீசுல என் பேரை எப்படிப் போட்டிருக்கு?"

"நோட்டீஸ் ஒண்ணும் அடிக்கலை சார். அளக்கப் போறோம், அவ்வளவுதான்."

நோட்டீஸ் இல்லாத நிகழ்ச்சிக்கு நான் போறதில்லை. பேராச்சி காலையிலயே இட்லி கட்டிக்கிட்டுப் போயிட்டா.

வண்டி மெதுவாப் போகுதே? ஓ, குளத்து ஸ்டாப்பு. எவ்வளவு கூட்டம் பாருங்க. பாதி வண்டி இங்கதான் இறங்குது. அந்த யானைக்கு அங்கிட்டுத் தெரியுது பாத்தியளா, வெள்ளைச்சட்டை, உயரமா. அதான் எபனேசர். குளம் அளக்கிற செயினோட அந்த முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்காளே ஒருத்தி, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு, அதான் என் சம்சாரம். அவ என்னைக்கு செயின் பிடிச்சா? சிரிக்கா பாருங்க. அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

எபனேசர் இங்கிட்டுப் பாக்காரு. கையைத் தூக்குதாரு. எனக்குத்தானா? எனக்குத்தான் போல இருக்கு.

இல்லைப்பா கண்டக்டர், நான் இறங்கலை. ஜங்ஷன் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. நீங்க விசில் குடுங்க.

கிளம்பிட்டு. சரி. இறங்கியிருந்தா பத்திரிகை ஆபீசுக்கு நேரமாயிருக்கும். ஆசிரியர் மத்தியானம் சாப்பிடப் போயிட்டா அப்புறம் வர மாட்டாராம்.

சார், உங்ககிட்ட பேனா இருக்கா? இதைக் குறிச்சு வெச்சுக்கிடுதேன், அடுத்த நாவலுக்கு ஆகும். அருமைநாயகம் பஸ்ல போறான். குளத்துக்கிட்ட வண்டி நிக்குது. அவன் சம்சாரம் அங்க நிக்கா. அவன் இறங்கிருவான்.